ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன அத்தியாயத்தில், வயசான அப்பா அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு அமெரிக்காவில் இருக்கும் நேயர்கள் மூணு நாலு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை அனுப்பியிருந்தாங்க. "வீட்டில் பார்த்துக்க முடியாத கட்டம் வந்தா, நர்ஸிங் ஹோமில் சேர்க்கலாமா? அங்கே போதுமான ஆள் இருப்பாங்களா?" இன்னைக்கு அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கப் போறேன். போதுமான ஆள். இந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அமெரிக்கா நாற்பது வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. 2024-ல் ஒரு பதில் கிடைத்தது. 2025 முடிவதற்குள் அந்தப் பதிலைத் துடைத்துப் போட்டுட்டாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் பத்து இருபது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம் பார்ப்பாங்க, குடல்வால் ஆபரேஷன் பண்ணுவாங்க. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. தானாக எழுந்து நடக்கவோ, குளிக்கவோ, சாப்பிடவோ முடியாதவர்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. நாடு முழுக்க சுமார் 15,000 இல்லங்கள், பன்னிரண்டு லட்சம் பேர் வரை இருக்காங்க. பக்கவாதம் வந்தவங்க, டிமென்ஷியா முற்றினவங்க, இடுப்பு எலும்பு முறிந்து திரும்ப நடக்கவே முடியாமல் போனவங்க. இப்படி ஒரு இல்லத்தில் நான் சில வருஷம் நர்ஸாக வேலை பார்த்திருக்கேன், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அதனால் சில விஷயங்களைச் சட்டப் புத்தகத்திலிருந்து சொல்வேன், சிலதை நேரில் பார்த்ததிலிருந்து சொல்வேன்.

அங்கே வேலை செய்பவர்களை மூணு அடுக்காகப் பிரிக்கலாம். மேலே ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். ஒருத்தருக்கு மூச்சு மாறுது, பேச்சு குழறுது என்றால் என்ன நடக்குதுன்னு கணித்து முடிவெடுக்க வேண்டியவர் இவர். அடுத்து எல்.பி.என். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, சர்க்கரை பார்ப்பது இவங்க வேலை. கீழ் அடுக்கில் சி.என்.ஏ., சான்றிதழ் பெற்ற நர்ஸ் உதவியாளர். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் இவங்கதான். கீழ் அடுக்கு என்று சொன்னேனே, அது சம்பளக் கணக்கில்தான். அங்கே இருக்கிற ஒரு முதியவரைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் முதல் ஆள் அந்த உதவியாளர்தான். மத்திய அரசு இவங்களுக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1987-ல் ரீகன் காலத்தில் ஒரு பெரிய சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஒரு நிபுணர் குழு அறிக்கை, இந்த இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பட்டியல் போட்டிருந்தது. மனுஷங்களை நாற்காலியில் கட்டி வைப்பது அப்போ சர்வ சாதாரணம். அந்தச் சட்டம் வந்த பிறகு கட்டிவைப்பது வெகுவாகக் குறைந்தது, அதை ஒத்துக்கணும். ஆனால் எத்தனை ஆள் வேண்டும் என்ற இடத்தில் சட்டம் என்ன சொன்னது? 24 மணி நேரமும் உரிமம் பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கணும்; ஆர்.என். ஒருவர் தினமும் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் இருக்கணும். மற்றபடி, அங்கிருப்பவர்களின் தேவைக்குப் 'போதுமான' ஆள் இருக்கணும். அவ்வளவுதான். அறுபது பேர் இருக்கும் இல்லத்துக்கும் எட்டு மணி நேர ஆர்.என்.தான், இருநூறு பேர் இருக்கும் இல்லத்துக்கும் அதே எட்டு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் அந்தப் 'போதுமான' என்ற சொல்லுக்குள் அடக்கம். யார் பார்வையில் போதுமான? முதலாளி பார்வையிலா, இன்ஸ்பெக்டர் பார்வையிலா? படுத்திருக்கிற பாட்டியை யாரும் கேட்கலை.

2001-ல் சி.எம்.எஸ். ஒரு ஆய்வு செய்தது. சி.எம்.எஸ். என்பது மெடிகேர், மெடிகெய்ட் இரண்டையும் நடத்தும் மத்திய அமைப்பு. எவ்வளவு ஆள் குறைந்தால் அங்கிருப்பவர்களுக்குக் கெடுதல் தொடங்குதுன்னு பார்த்தாங்க. வந்த எண், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4.1 மணி நேரம். அதில் உதவியாளர் பங்கு 2.8 மணி. இதுக்குக் கீழே போனால் புண் வருவது, எடை குறைவது, ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் கூடுதுன்னு சொன்னாங்க. அறிக்கை வந்தது, விதி வரலை. அலமாரியில் இருபது வருஷத்துக்கு மேல் தூங்கியது.

இந்த 'ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி' என்ற அளவைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும், ஏன்னா இதில்தான் எல்லோரும் ஏமாறுவோம். மூணரை மணி நேரம் என்று கேட்டவுடன், "அட, தினமும் எங்கம்மா பக்கத்தில் ஒருத்தர் மூணரை மணி நேரம் உட்காருவாங்களா, பரவாயில்லையே" என்று தோணும். அப்படி இல்லை. அந்த 24 மணி நேரத்தில் அந்தக் கட்டிடத்தில் நர்ஸிங் பிரிவில் வேலை பார்த்த எல்லோருடைய மணி நேரத்தையும் கூட்டி, தலைக்கு வகுப்பாங்க. நட்சத்திர மதிப்பீட்டுக்கான ஆர்.என். கணக்கில், அலுவலக அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிற ஆர்.என்.னும் உண்டு, நர்ஸிங் இயக்குநரும் உண்டு. அந்த நிமிடங்கள் நோயாளியின் அறை வாசலைத் தாண்டியதா என்று அந்த எண் சொல்லாது.

இன்னும் ஒண்ணு. அது சராசரி. பகலில் ஆள் கூட இருப்பாங்க, ராத்திரி குறைவா இருப்பாங்க. ராத்திரி என்றால் எல்லோரும் தூங்குவாங்கதானே என்று கேட்பீங்க. நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்றேன். ஒரு வராந்தா, நாற்பது பேர். ராத்திரி பதினொரு மணியிலிருந்து காலை ஏழு வரை ஒரு எல்.பி.என்., ரெண்டு உதவியாளர். ஆளுக்கு இருபது பேர். அந்த இருபதில் பதினஞ்சு பேரையாவது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும், டயபர் பார்க்கணும், நனைந்திருந்தால் மாற்றணும். ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம் என்றே வைங்க. ஒரு சுற்றுக்கு 75 நிமிஷம். நாலு சுற்று, 300 நிமிஷம். ஷிஃப்ட் மொத்தம் 480 நிமிஷம். காகிதத்தில் பார்த்தால் தாராளமா இருக்கு, இல்லையா?

ரெண்டு மணிக்கு ஒருத்தர் விழுறார். கழிப்பறைக்குப் போகணும்னு மணி அடித்திருப்பார், யாரும் வரலை, தானே எழுந்திருப்பார். பல விழுகைகள் இப்படித்தான் நடக்குது. தலையில் அடி பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், முதல் ஒரு மணி நேரம் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கண்பாவை, பேச்சு, கை கால் பலம் பார்க்கணும். அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை. டாக்டருக்குப் போன், வீட்டுக்குப் போன், சம்பவ அறிக்கை. அவரைத் தூக்க லிஃப்ட் இயந்திரம் வேண்டும். அதை ரெண்டு பேர் சேர்ந்துதான் இயக்கணும் என்பது பல இடங்களில் விதி. ஆக, அந்த வராந்தாவில் இருக்கும் மூணு பேரும் ஒரே அறையில். அந்த நேரத்தில் மற்ற முப்பத்தொன்பது பேருக்கு யாரும் இல்லை. மூணு மணிச் சுற்று போச்சு. அது திரும்ப வராது, ஏன்னா அஞ்சு மணிக்கு அடுத்த சுற்று தொடங்கிடும்.

ஒரு சுற்று போனால் என்ன ஆகிடும்? ஒரு ராத்திரி போனால் ஒண்ணும் ஆகாமல் இருக்கலாம். வாரத்தில் நாலு ராத்திரி போனால், அசைய முடியாத ஒருத்தருக்கு வால் எலும்புப் பக்கம் தோல் சிவக்கும். அது படுக்கைப் புண்ணோட ஆரம்பம். அடுத்து தோல் உரியும், பள்ளம் விழும். சிலருக்கு எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். அந்தப் புண்ணில் கிருமி போய் ரத்தத்தில் கலந்து இறந்தவங்க உண்டு. இறப்புச் சான்றிதழில் செப்சிஸ் என்று எழுதுவாங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்குப் பதில் மூணு பேர் இருந்திருந்தால் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

தண்ணீர் விஷயமும் இதேதான். டிமென்ஷியா உள்ளவங்க தாகம் எடுக்குதுன்னு கேட்க மாட்டாங்க. டம்ளரைக் கையில் கொடுத்து, நாலு வாய் குடிக்கும் வரை கூட இருக்கணும். ஆள் இல்லாதபோது முதலில் விடுபடும் வேலை இது, ஏன்னா இது விடுபட்டது அன்னைக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து உளறுவாங்க, தலை சுற்றி விழுவாங்க, சிறுநீர்த் தொற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. நடக்க வைப்பது, வாய் கழுவி விடுவது, ரெண்டு வார்த்தை பேசுவது எல்லாமே இந்த வரிசைதான். மருந்து மட்டும் விடுபடாது, அதுக்குக் கணினியில் நேரத்தோடு பதிவு இருக்கு.

இன்னொரு விளைவு இருக்கு, அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேச மாட்டாங்க. நடக்கத் தடுமாறும் ஒரு பாட்டியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். டயபர் மாற்ற அஞ்சு நிமிஷம். ஆள் குறைவா இருக்கிற இடத்தில் என்ன நடக்கும்? சிறுநீரை அடக்கத் தெரிந்த, கேட்கத் தெரிந்த அந்த அம்மாவும் ஒரு மாசத்தில் டயபருக்கு வந்துடுவாங்க. யாரும் கெட்டவங்க இல்லை. நிமிஷம் அப்படி முடிவு பண்ணுது. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்னு உங்களுக்குத் தெரியும்.

நம்மகிட்ட இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியவந்தது என்பதும் ஒரு கதை. 2016 வரை, ஆள் எண்ணிக்கையை இல்லங்களே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கும். அதுவும் வருடாந்திர ஆய்வுக்கு முந்தைய ரெண்டு வாரக் கணக்கு மட்டும். மாமியார் வரும் நாளில் வீடு பெருக்குவது மாதிரிதான். 2016 ஜூலையிலிருந்து, சம்பளப் பதிவேட்டை ஒட்டிய தினசரிக் கணக்கை அனுப்பணும்னு கட்டாயம் ஆக்கினாங்க. யாருக்கு எந்த நாள் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தீங்க, காட்டுங்க. 2018-ல் அதை நட்சத்திர மதிப்பீட்டில் சேர்த்தவுடனே உண்மை வெளியே வந்தது. அந்தக் கோடையில் மட்டும் சுமார் 1,400 இல்லங்களின் ஆள் நிலை மதிப்பீட்டை ஒரே நட்சத்திரமாக இறக்கினாங்க. காரணம், ஆர்.என். ஒருவர்கூட இல்லாத நாட்கள் நிறைய இருந்தன, அல்லது ஒழுங்கான கணக்கே கொடுக்கவில்லை.

2019-ல் ஹார்வர்டின் டேவிட் கிராபவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் இந்தப் பதிவுகளை அலசினாங்க. வார இறுதியில் ஆள் குறையுது, அதிலும் ஆர்.என். ரொம்பக் குறையுது. வருடாந்திர ஆய்வுக்கு முன்னாலும் ஆய்வு நடக்கும்போதும் ஆள் ஏறுது, முடிந்தவுடன் இறங்குது. நாங்க உள்ளே இருந்து வருஷாவருஷம் பார்த்ததுதான். ஆனால் நாங்க சொன்னால் புலம்பல், வரைபடம் சொன்னால் ஆதாரம்.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு 2021-ல் வந்தது. நர்ஸிங் ஊழியர்கள் ஒரு வருஷத்தில் எவ்வளவு பேர் மாறுறாங்க? சராசரி 128 சதவீதம். நடு மதிப்பு 94. நூறு சதவீதத்துக்கு மேல் எப்படி என்று கேட்பீங்க. ஒரே இடத்துக்கு வருஷத்தில் மூணு பேர் வந்து போனால் அது கணக்கில் ஏறும். சில இல்லங்களில் நிலைமை அவ்வளவு மோசம், சராசரியையே மேலே இழுத்துடுது. இதுக்கு நடைமுறையில் என்ன அர்த்தம் தெரியுமா? பேச்சுப் போன ஒரு தாத்தா புருவத்தைச் சுருக்கினால் அது வலியா, எரிச்சலா, பசியா என்று அவரை ஆறு மாசம் பார்த்த உதவியாளருக்குத் தெரியும். புதுசா வந்தவருக்குத் தெரியாது. எங்ககூட வேலை பார்த்த ஒரு மலையாளி நர்ஸ் இருந்தாங்க, சேச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஷிஃப்ட் ஆரம்பித்தால் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டாங்க. முதலில் நாற்பது அறைக்கும் போய் நாற்பது முகத்தையும் பார்த்துட்டுத்தான் வருவாங்க. "நேற்று எப்படி இருந்தாங்கன்னு தெரியாதவளுக்கு இன்னைக்கு என்ன மாறியிருக்குன்னு எப்படித் தெரியும்?" என்பாங்க. அவங்க பதினோரு வருஷம் அங்கே இருந்தவங்க. அப்படிப்பட்டவங்க போனால், அந்த இடத்துக்கு ஆள் போடலாம், அந்தப் பதினோரு வருஷத்தைப் போட முடியாது.

சரி, 2024-க்கு வருவோம். கோவிட் காலத்தில் இந்த மாதிரி பராமரிப்பு இல்லங்களில் தங்கியிருந்தவர்களும் ஊழியர்களுமாக ரெண்டு லட்சத்துக்கு மேல் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் பைடன் அரசு அசைந்தது. 2024 ஏப்ரலில் இறுதி விதி வந்தது. தலைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 3.48 மணி, அதில் ஆர்.என். 0.55 மணி, அதாவது 33 நிமிஷம்; உதவியாளர் 2.45 மணி, 147 நிமிஷம். கூடவே, 24 மணி நேரமும் ஒரு ஆர்.என். கட்டிடத்தில் இருக்கணும். நூறு பேர் இருக்கிற இல்லத்துக்கு இது என்ன என்று அவங்களே விளக்கினாங்க: ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு மூணு ஆர்.என்., பத்துப் பதினொரு உதவியாளர், கூட ரெண்டு நர்ஸிங் ஊழியர். கவனிங்க, 2001-ல் சொன்ன 4.1-ஐ விட இது குறைவு. நகர்ப்புற இல்லங்களுக்கு 2026, 2027 என்றும், கிராமப்புற இல்லங்களுக்கு 2029 வரையிலும் படிப்படியாக அவகாசம். ஆள் கிடைக்காத பகுதிகளுக்கு விலக்கும் உண்டு. ரொம்பக் கடுமையான விதி என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியும் கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டபோது, எல்லா நிபந்தனையையும் அன்றைக்கே நிறைவேற்றிய இல்லங்கள் 19 சதவீதம்தான். இத்தனைக்கும் நாட்டின் மொத்த சராசரி 3.48-க்கு மேலேதான் இருந்தது. சராசரி எப்படிப் பொய் சொல்லும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பெரும்பாலும் இடித்தது உதவியாளர் எண்ணிக்கையில். அதாவது திருப்பிப் படுக்க வைக்கிற, தண்ணீர் கொடுக்கிற ஆளில்.

இல்ல உரிமையாளர்கள் சங்கம் வழக்குப் போட்டது. அவங்க வாதத்தையும் நியாயமா சொல்லணும். ஒண்ணு, ஆள் எங்கே? கிராமப்புறத்தில் ஆர்.என். கிடைக்கவே மாட்டாங்க, விதியைக் கடைப்பிடிக்க முடியாமல் மூட வேண்டியதுதான். இது முழுப் பொய்யில்லை. அயோவாவில் ஒரு சிற்றூர் இல்லம் மூடினால், பாட்டியைப் பார்க்க மகன் எண்பது மைல் காரோட்டணும். ரெண்டு, பணம் யார் கொடுப்பது? அரசின் சொந்த மதிப்பீடே பத்து வருஷத்துக்கு 4,300 கோடி டாலர். அங்கே தங்கியிருப்பவங்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மெடிகெய்டை நம்பி இருக்காங்க. மெடிகெய்ட் கொடுக்கும் தொகை குறைவு. விதிக்காகப் பெரிசா தனி நிதி எதுவும் ஒதுக்கலை. இந்தக் குறையை நானும் ஏத்துக்கறேன்.

ஆனால் பணம் இல்லை என்ற பேச்சை அப்படியே விழுங்கவும் முடியாது. பல இல்லங்களில் கட்டிடம் ஒரு கம்பெனி பேரில், நிர்வாகம் இன்னொரு கம்பெனி பேரில், ரெண்டுக்கும் சொந்தக்காரர் ஒரே ஆள். இல்லம் அந்தக் கட்டிடத்துக்கு வாடகை கொடுக்கும், நிர்வாகக் கட்டணம் கொடுக்கும். கணக்குப் புத்தகத்தில் இல்லம் நஷ்டம், வாடகை வாங்கும் கம்பெனி லாபம். இல்லினாய் மாநிலக் கணக்குகளை அலசிய ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பாதிக்கும் மேற்பட்ட லாபம் இந்த வழியில் மறைந்து போவதாக 2024-ல் மதிப்பிட்டாங்க. இன்னொரு ஆய்வு, தனியார் முதலீட்டு நிறுவனங்கள் இல்லங்களை வாங்கிய பிறகு என்ன ஆச்சுன்னு பார்த்தது. குறுகிய காலத்துக்கு வந்து தங்கும் மெடிகேர் நோயாளிகளின் இறப்பு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. உதவியாளர் நேரம் குறைந்திருந்தது. ஆக, "பணம் இல்லை" என்று ஒருத்தர் சொன்னால், "எந்தக் கம்பெனியில் இல்லை?" என்று கேட்கணும்.

2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு பெடரல் நீதிபதி விதியை ரத்து பண்ணினார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. நாடாளுமன்றம் எட்டு மணி நேரம் என்று எழுதியிருக்கு, நீங்க இருபத்திநாலு என்று எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. நாடாளுமன்றம் தேவைக்குப் 'போதுமான' என்று எழுதியிருக்கு, நீங்க எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது. 1987-ல் சமரசத்துக்காக விட்டுவைத்த அந்த வழவழ வார்த்தை, முப்பத்தெட்டு வருஷம் கழித்துக் கதவை அடைத்தது. ஜூனில் அயோவாவில் இன்னொரு நீதிமன்றமும் இதேபோல் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 4-ம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரவு செலவுச் சட்டம், 2034 செப்டம்பர் 30 வரை இந்த விதியை அமல்படுத்தவே கூடாது என்றது. டிசம்பரில் சி.எம்.எஸ். தானே விதியைத் திரும்பப் பெற்றது. இந்த விதி நின்றால் வருஷத்துக்குச் சுமார் 13,000 உயிர் காப்பாற்றப்படும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தாங்க. ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராததால், அந்த மதிப்பீடு சரியா தப்பா என்று பார்க்கவும் வழி இல்லை.

மிச்சம் இருப்பது மாநிலச் சட்டங்கள். கலிபோர்னியாவில் 3.5 மணி, நியூயார்க்கிலும் 3.5. புளோரிடா எதிர்த்திசையில் போனது. 2022-ல் உதவியாளர் நேரத்தை 2.5-லிருந்து 2 மணியாகக் குறைத்தாங்க. ஓய்வு பெற்றவர்கள் போய்க் குடியேறும் மாநிலம் அது என்பதைச் சும்மா சொல்லி வைக்கறேன்.

வேறு எங்கேயாவது இது நடந்திருக்கா? ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கு. 2021-ல் அங்கே முதியோர் பராமரிப்பு பற்றிய ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. 2023 ஜூலையிலிருந்து 24 மணி நேரமும் ஆர்.என். அதே அக்டோபரிலிருந்து தலைக்குச் சராசரி 200 நிமிஷப் பராமரிப்பு கட்டாயம், 2024 அக்டோபரில் அது 215 ஆனது. அதில் 44 நிமிஷம் ஆர்.என். பங்கு. ஒரே எண்ணை எல்லோருக்கும் போடாமல், அங்கிருப்பவர்களின் உடல்நிலைக்கு ஏற்ப ஒவ்வொரு இல்லத்துக்கும் இலக்கைக் கூட்டிக் குறைக்கிறாங்க. டெக்சாஸ் நீதிபதி கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில். இன்னும் முக்கியம், 2023 நடுவில் நேரடிப் பராமரிப்பு ஊழியர்களுக்கு 15 சதவீதச் சம்பள உயர்வும் கொடுத்து, அதுக்கான பணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. எண்ணும் வந்தது, காசும் வந்தது. அங்கேயும் இலக்கை எட்டாத இல்லங்கள் உண்டு, ஆர்.என். தட்டுப்பாடு உண்டு. ஆனால் எட்டவில்லை என்பது தெரியுது, ஏன்னா எட்ட வேண்டியது என்னன்னு எழுதியிருக்கு.

சரி, சேர்க்கலாமா என்று கேட்டவங்களுக்கு வருவோம். விதி போனாலும் கணக்கு அனுப்பும் கட்டாயம் போகலை. மெடிகேர் இணையதளத்தில் 'கேர் கம்பேர்' என்ற பகுதி இருக்கு. இல்லத்தின் பேரைப் போட்டால் நட்சத்திரம் வரும். நட்சத்திரத்தோடு நிறுத்தாதீங்க. 'ஸ்டாஃபிங்' என்ற பகுதிக்குள் போங்க. வார இறுதியில் ஆர்.என். நேரம் எவ்வளவு, மொத்த நேரம் எவ்வளவு என்று தனியாக இருக்கும். அதைத் தாண்டிக் கீழே வந்தால் ஊழியர் எத்தனை சதவீதம் மாறினாங்க என்று இருக்கும். என்னைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அப்புறம் நேரில் போங்க. அவங்க கூப்பிடும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போகாதீங்க, அப்போ பூச்செடி எல்லாம் பளபளன்னு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் போங்க. சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம். எத்தனை தட்டு தொடப்படாமல் திரும்பிப் போகுதுன்னு பாருங்க. அறை வாசலில் அழைப்பு விளக்கு எரியும். எரிய ஆரம்பித்ததிலிருந்து ஒருத்தர் உள்ளே போகும் வரை உங்க கடிகாரத்தைப் பாருங்க. ஒரு உதவியாளர் கிடைத்தால் மெதுவாக, "இன்னைக்கு உங்களுக்கு எத்தனை பேர்?" என்று மட்டும் கேளுங்க. "ராத்திரி எத்தனை பேர்?" என்றும் கேளுங்க. மேனேஜரிடம் கேட்டால் மணி நேரக் கணக்கு சொல்வார். உதவியாளர் ஆள் கணக்கு சொல்வாங்க. எட்டு என்றால் மேற்கொண்டு பேசலாம். பதினாறு என்றால் அடுத்த இல்லத்தின் முகவரியைத் தேடுங்க.

ஏற்கெனவே அம்மாவையோ மாமனாரையோ அங்கே சேர்த்திருக்கிறவங்க, போகும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்க. போகும்போது குதிகாலையும் வால் எலும்புப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துடுங்க. சிவப்பா இருந்தால், விரலால் அழுத்தி எடுங்க. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அன்னைக்கே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டி, குறிப்பில் எழுதச் சொல்லுங்க. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியிருப்பதைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருக்கான்னு பாருங்க. நம்ம ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம், பல நேரம் இதனாலேயே தாமதமாகத் தெரியவருது.

கேள்வி இருந்தால் வழக்கம்போல எழுதி அனுப்புங்க. மெடிகெய்டுக்கு யார் தகுதி, வீட்டை விற்கணுமா என்று ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அதுக்கு ஒரு வக்கீலை அழைத்துப் பேசலாம்னு இருக்கேன்.